அந்தோணியாரின் இடது கை

கவுஞ்சி ரோடு, மேல்மலை
14.6.2025

அன்பு மகள் ஃபெமினாவுக்கு,

அப்பா அலெக்சாண்டர் எழுதிக்கொள்வது. நான், உன் அம்மா செல்வமேரி, நம் பிக்கப் வண்டி, மூவரும் உயிரோடு இருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி. வண்டிக்குப் பின்பக்கம் அடி. எனக்கு மானத்தில் அடி. நீ அந்த ஊர் மழையில் நனையாமல் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

நேற்று போனில் ஒரு போட்டோ அனுப்பினேனே, பார்த்திருப்பாய். அதன் கதையைச் சொல்லலாம் என்று கூப்பிட்டால் உன் அம்மா போனைப் பிடுங்கி, "சாப்பிட்டியாடி, என்ன சாப்பிட்ட?" என்று இருந்த சிக்னலையெல்லாம் தின்று தீர்த்துவிட்டாள். அதனால்தான் கடிதம். பத்தாவது வரை படித்ததற்கு இந்த ஒரு பிரயோஜனமாவது இருக்கட்டும்.

விஷயம் இதுதான். ரோட்டு முக்கில் இருக்கிற நம் அந்தோணியார் கெபியை, அந்தக் குட்டிக் கோயிலை, உன் அப்பன் இடித்துவிட்டான்.

பன்னிரண்டாம் தேதி சாயங்காலம், திருவிழாவுக்கு முந்தின நாள். இந்த வருடம் கெபிக்குள் இருக்கிற அந்தோணியார் சுரூபத்தை நம் வண்டியில் ஏற்றித்தான் சப்பரம் என்று பங்குச்சாமி சொன்னதிலிருந்து நான் பூண்டிக்கும் கவுஞ்சிக்கும் கேரட் ஏற்றப் போன இடமெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேன். அலங்காரம் செய்ய வண்டியைக் கெபியை ஒட்டி ரிவர்ஸ் எடுத்தேன். பின்னால் நின்று "வரலாம், வரலாம்" சொன்னது டீக்கடைக் குமரகுரு. வழக்கம் உனக்குத் தெரியும், போதும் என்றால் பின்கதவில் இரண்டு தட்டு. அவன் தட்டியிருக்கிறான். ஆனால் பக்கத்தில் பேண்டு செட்டுக்காரர்கள் மேளத்தை இழுத்துக்கட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேளம் எது, குமரகுரு எது என்று எனக்குப் பிரியவில்லை. நான் வந்துகொண்டே இருந்தேன். அப்புறம்தான் குமரகுரு கத்தியது கேட்டது:

"ஏலே அலெக்ஸு, நிறுத்துலே! அந்தோணியாரு மேலயே ஏத்திப்புட்டியேலே!"

சுரூபம் சாய்ந்து, இடது கை முழங்கையோடு போயிற்று. அந்தக் கையில்தான் குழந்தை இயேசு. குழந்தை மட்டும் வண்டியில் இறக்காமல் கிடந்த கேரட் மூட்டைமேல் விழுந்து ஒரு கீறல் இல்லாமல் சிரித்துக்கொண்டு கிடந்தது. நான் பதறிப்போய்க் குதித்தேன். சேற்றில் வழுக்கி, கெபிக்கு முன்னால், ஊருக்கு முன்னால், நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன்.

கூட்டத்தில் நின்ற பிச்சையம்மாள் சொன்னாள்: "இடிச்ச கையோட மன்னிப்பும் கேட்டுட்டான்யா. நல்ல பிள்ளை."

போட்டோவில் இருப்பது குமரகுரு. வைகாசி விசாகத்துக்குப் பழனிக்கு நடந்து போய் மொட்டை போட்டுவிட்டு முந்தின நாள்தான் மலையேறி வந்திருந்தான். மொட்டையில் சந்தனம், இடுப்பில் காவி வேட்டி, கையில் அந்தோணியாரின் கை. ஒட்டவைத்துத் தருகிறேன் என்று எடுத்துப்போகிறான். அவன் முழிப்பைப் பார், அவனே உடைத்த மாதிரி. அம்மாதான் படம் பிடித்தாள்.

மறுநாள் உடைந்த பக்கத்தைப் பூமாலையால் மூடிச் சப்பரம் நடந்தது. வண்டியை ஓட்ட அழகுமலையைப் பிடித்தார்கள். நான் பின்னால் நடந்தேன்.

ஜெபத்தில் எங்களை நினைத்துக்கொள். முக்கியமாக என் ரிவர்ஸை.

உன் அப்பா

*

பிரஸ்ஸல்ஸ்
3.7.2025

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நான் நலம். அம்மாவின் முழங்காலுக்கும் அப்பாவின் மானத்துக்கும் சீக்கிரம் குணமாகட்டும். கடிதத்தை மெட்ரோவில் படித்தேன். "நல்ல பிள்ளை" என்ற இடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். எதிரே இருந்த பெண்மணி எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டார்.

என் வேலை என்ன என்று அம்மா மறுபடி கேட்டிருந்தார். இருபத்தேழு நாடுகள் சேர்ந்த ஒன்றியம். அதற்கு ஒரு பாராளுமன்றம். அதன் பின்தெருவில் எங்கள் கழகம். உலகத்தில் எங்கே கிறிஸ்தவர்களுக்குத் துன்பம் என்றாலும் அதைப் பாராளுமன்ற உறுப்பினர்களின் காதில் போடுவது எங்கள் பணி. புதன்கிழமைகளில் உறுப்பினர்களுக்கு ஜெப விருந்து வைப்போம். முதலில் ஜெபம், அப்புறம் ரொட்டியும் முட்டையும், அப்புறம் யாரை நாட்டுக்குள் விடலாம், யாரை விடக் கூடாது என்று பேச்சு. பைபிளை மூடி வைக்கிற சத்தமும் அந்தப் பேச்சு தொடங்குகிற சத்தமும் ஒரே நேரத்தில் கேட்கும்.

என் ஒப்பந்தம் டிசம்பரோடு முடிகிறது. நீட்டித்தால்தான் இங்கே தங்கும் அனுமதியும் நீளும். இயக்குநர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

உங்கள் போட்டோவை அவரும் பார்த்தார். மிகவும் பிடித்துப்போயிற்று. யார் இது என்றார். எங்கள் ஊர்க்காரர் என்றேன். அதற்குள் கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது, மீதியைச் சொல்ல முடியவில்லை.

குமரகுரு மாமாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஃபெமினா

*

கவுஞ்சி ரோடு
24.7.2025

அன்பு மகளுக்கு,

இங்கே மழையும் பூண்டும் நன்றாக இருக்கின்றன. அம்மாவும் அப்படியே. நீ மெட்ரோவில் சிரித்ததை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "பொம்பளப்பிள்ளை தனியா சிரிச்சுக்கிட்டுப் போகலாமா?" என்கிறாள். அங்கே சிரிப்பதற்கு ஆள் துணை வேண்டுமாம்.

இருபத்தேழு நாடு ஒரே சங்கம் என்றால் பெரிய சமாச்சாரம்தான். எங்கள் பிக்கப் ஓட்டுநர் சங்கத்தில் முப்பது பேர். ஆயுத பூஜைக்கு எந்தப் படத்தை நடுவில் மாட்டுவது என்று ஆரம்பித்து, தலைவர் தேர்தல் வரைக்கும் அந்த ஆணியில்தான் தொங்குகிறது. உங்கள் சங்கத்திலும் யாராவது ஆணியைப் பிடித்துக்கொண்டு நிற்பான், பார்த்துக்கொள்.

கை ஒட்டியாயிற்று. குமரகுருவின் சித்தப்பா தண்டாயுதபாணி பழனி அடிவாரத்தில் பொம்மைக்கடை வைத்திருக்கிறாரே, அவரிடம் துணியில் சுற்றிக் கொண்டுபோனான். பஸ்ஸில் பக்கத்து ஆள், "யாரு கைங்க இது?" என்று கேட்டு இறங்கி ஓடப் பார்த்தாராம். சித்தப்பா நன்றாக ஒட்டிவிட்டார். ஆனால் பொம்மைக்கு அடிக்கிற பழக்கத்தில் அந்தக் கை நகத்துக்கு மட்டும் ரோஸ் கலர் அடித்துவிட்டார். இப்போது அந்தோணியாருக்கு ஒரு கையில் நகப்பூச்சு. பங்குச்சாமி பார்த்தும் பார்க்காதது போல் இருக்கிறார்.

உங்கள் இயக்குநரிடம் மீதியையும் சொல்லிவிட்டாயா? நான் சேற்றில் விழுந்ததை விட்டுவிடாதே. கதையில் அதுதான் நல்ல இடம்.

குளிர் வருவதற்குள் நல்ல ஸ்வெட்டர் வாங்கிக்கொள்.

அப்பா

*

பிரஸ்ஸல்ஸ்
21.8.2025

அன்புள்ள அப்பா,

நலம். நீங்கள் இருவரும் நலமா? வேலை கழுத்தை நெரிக்கிறது, அதனால் சுருக்கமாக.

நவம்பரில் நம் நாட்டோடு வியாபாரம் பற்றிய ஒரு தீர்மானம் இங்கே வருகிறது. அதில் மதச் சுதந்திரம் என்று ஒரு பத்தி சேர்க்க எங்கள் கழகத்துக்கு வேண்டிய உறுப்பினர்கள் முயல்கிறார்கள். நல்ல விஷயம்தான் என்று நினைத்தேன். போன மாதம் அவர்களில் ஒருவர் எங்கள் ஜெப விருந்தில் துன்பப்படும் சகோதரர்களுக்காகக் கண்ணீர் விட்டார். மத்தியானம் கடலில் வந்த அகதிப் படகுகளைத் திருப்பியனுப்பக் கை தூக்கினார். அந்தப் படகுகளில் கழுத்தில் சிலுவை போட்டவர்களும் இருந்தார்கள் அப்பா. அவர் கையைக் கழுவிவிட்டு வந்து எனக்குக் கை கொடுத்தார். நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

என் மேசையில் வடக்கே எங்கோ ஜெபக்கூடம் எரிக்கப்பட்ட ஒரு பெண்ணின் மனு எட்டு மாதமாகக் கிடக்கிறது. அது நிஜம், நானே விசாரித்தேன். படம் இல்லை என்று தள்ளி வைத்துவிட்டார்கள். "உறுப்பினர்கள் படிக்க மாட்டார்கள், பார்ப்பார்கள்" என்கிறார் இயக்குநர்.

சில விவரங்கள் வேண்டும். நம் ஊரில் எத்தனை கிறிஸ்தவக் குடும்பங்கள்? இரண்டு கோயிலுக்கும் இடையில் பழைய தகராறு ஏதாவது உண்டா? சின்னதாக இருந்தாலும் எழுதுங்கள். சும்மா ஒரு பின்னணிக் குறிப்புக்குத்தான்.

ஃபெமினா

*

கவுஞ்சி ரோடு
5.9.2025

அன்பு மகளுக்கு,

கடிதம் கிடைத்தது. நீ சாப்பிடவில்லை என்ற வரியை மட்டும் அம்மாவுக்குப் படிக்கவில்லை. அங்கே ரசம் வைக்கப் புளி கிடைக்குமா? இல்லையென்றால் அனுப்புகிறேன்.

நம் குடும்பங்கள் நாற்பது இருக்கும். பழைய தகராறு கேட்டிருக்கிறாய். இருக்கிறது. கொரோனாவுக்கு முந்தின வருடம் முருகன் கோயில் மைக் செட்டும் கெபி மைக் செட்டும் ஒரே நேரத்தில் பாட, இரண்டு பக்கமும் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனோம். அழகுமலையின் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு பூண்டி வரை ஓடியது. கடைசியில் இரண்டு செட்டும் புகைந்து போயின. அப்புறம் பொதுவில் ஒரு செட் வாங்கினோம். அது முருகன் கோயில் அறையில்தான் இருக்கும், அங்கேதான் ஓடு ஒழுகாது. மார்கழியில் காலையில் அவர்கள் போடுவார்கள், சாயங்காலம் கிறிஸ்துமஸ் பாட்டுக்கு நாங்கள் எடுத்துக்கொள்வோம். ஒருநாள் குமரகுரு நாடாவை மாற்ற மறந்து, விடியக்காலையில் முருகன் கோயிலிலிருந்து பாலன் பிறந்தான் என்று பாடியது. இதுதான் தகராறு. குறிப்புக்கு உதவுமா?

எதற்கு இதெல்லாம் என்று சொல்லவில்லையே.

அப்பா

*

கவுஞ்சி ரோடு
6.10.2025

அன்பு மகளுக்கு,

நீ நலமா? உன்னிடமிருந்து ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. போன் செய்தால் கூட்டத்தில் இருக்கிறேன் என்று செய்தி வருகிறது. அதனால் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தில் சிரிப்பதற்கு அதிகம் இல்லை.

வியாழக்கிழமை வெள்ளனே ராஜமுருகன் ஆட்களோடு டீக்கடைக்கு வந்தான். மலைக்குக் கீழே கட்சியில் இருக்கிறானே, அவன்தான். எந்தக் கட்சி என்று எழுதி இந்தத் தாளை அழுக்காக்க விரும்பவில்லை. அடுத்த வருடம் சட்டசபைத் தேர்தல். போனில் உங்கள் கழகம் இங்கிலீஷில் போட்ட ஒரு புத்தகத்தைக் காட்டினான். அட்டையில் நம் குமரகுரு. மொட்டை, சந்தனம், காவி வேட்டி, கையில் அந்தோணியாரின் கை.

"அண்ணே, நீங்கதாண்ணே நம்ம மலைக்குச் சிங்கம்! ஐரோப்பாவையே நடுங்க வச்சுட்டீங்களே!"

"எலேய், நான் கீழ கெடந்த கையப் பொறுக்குனேன்யா!" என்றான் குமரகுரு.

"அதையெல்லாம் வெளிய சொல்லாதீங்கண்ணே."

சாயங்காலத்துக்குள் ரோட்டு முக்கில் பிளெக்ஸ் வைத்துவிட்டார்கள். அதே போட்டோ. மேலே தலைவர்கள் வரிசை. கீழே "அந்நிய மதத்துக்கு அஞ்சாத அடியார்". இருபது வருடமாக நம் திருவிழாவுக்குச் சுக்குக்காப்பி போடுகிறவன் அவன்.

நம் பக்கமும் சும்மா இல்லை. பங்குப் பேரவை அமல் வந்து, கலெக்டர் ஆபீஸ் முன்னால் ஆர்ப்பாட்டம், நீங்கள்தான் முன்னால் நிற்க வேண்டும் என்றான்.

"இடிச்சது நான்தானேப்பா. நீயும்தானே பக்கத்துல நின்ன?" என்றேன்.

"நீங்க இடிச்சதா இப்ப முக்கியம் அண்ணே? அவங்க இடிக்க மாட்டாங்கன்னு சொல்ல முடியுமா? ஐரோப்பாவே நம்ம பக்கம் நிக்கிறப்ப நீங்க கெடுத்துடாதீங்க."

நான் ஓரமாகப் போய்த் துப்பினேன் ஃபெமி. ஒருவன் செய்யாத காரியத்துக்கு ஒரு பக்கம் அவனைப் பாவி என்கிறது, இன்னொரு பக்கம் அதே காரியத்துக்கு மாலை போடுகிறது. செய்யவில்லை என்று அவன் கத்துவதுதான் இரண்டு பக்கத்துக்கும் இடைஞ்சல்.

நேற்று ஞாயிறு பூசை முடிந்து யாரும் டீக்கடைக்குப் போகவில்லை. நான் சேற்றில் விழுந்ததைக் கண்ணால் பார்த்துச் சிரித்தவர்கள்தான் எல்லோரும். இப்போது போனில் வந்ததை நம்பித் தலையைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள். பிச்சையம்மாள் மட்டும் போய் உட்கார்ந்தாள். வெளியூர்ப் பயல்கள் வந்து குமரகுருவைக் கட்டிப்பிடித்து செல்பி எடுக்கிறார்கள். அவன் கடையைப் பாதி சாத்திவிட்டு உள்ளே இருக்கிறான். அவன் பேரை நாசமாக்கிவிட்டோம்.

அந்தப் புத்தகத்தை எழுத்துக்கூட்டி வாசித்தேன். திருவிழா முன்மாலை, மேளச் சத்தத்துக்கு நடுவே, ஒரு மதவெறியன் புனிதரின் கையை முறித்தானாம். எங்கள் ஒலிபெருக்கியைப் பிடுங்கிக் கோயிலில் பூட்டி வைத்திருக்கிறார்களாம்.

மைக் செட் விஷயத்தை உனக்கு மட்டும்தானே எழுதினேன்?

வெரசா பதில் போடு.

அப்பா

*

பிரஸ்ஸல்ஸ்
19.10.2025

அன்புள்ள அப்பா,

நலம். அம்மா நலமா?

எனக்கும் அதிர்ச்சிதான். எழுதியது வேறு பிரிவு. என் மேசையில் இருந்த குறிப்புகளை எடுத்துக்கொண்டார்கள். அச்சான பிறகுதான் பார்த்தேன். குமரகுரு மாமாவிடம் நான் வருத்தப்பட்டதாகச் சொல்லுங்கள்.

அப்பா, இப்போது ஒரு உதவி. நவம்பர் 18 காலை பாராளுமன்றக் கட்டடத்தில் ஒரு அறையில் கூட்டம். உறுப்பினர்கள் பதினைந்து பேர் வருவார்கள். இணையத்தில் உங்களைக் காட்டி இரண்டு கேள்வி கேட்பார்கள். சுரூபத்தின் கை உடைந்ததா? ஆம். படத்தில் இருப்பவர் உங்கள் ஊர்க்காரரா? ஆம். அவ்வளவுதான். இரண்டுமே உண்மைதானே அப்பா? அதற்கு மேல் நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். மொழிபெயர்ப்பது நான்தான், பயப்பட வேண்டாம்.

இந்தக் கூட்டத்துக்குப் பிறகுதான் என் ஒப்பந்தம் பற்றி முடிவு. அனுமதி முடிந்தால் ஜனவரியில் நான் கிளம்பியாக வேண்டும். இங்கே வர எத்தனை வருடம் ஆயிற்று என்று உங்களுக்குத் தெரியும்.

புளி கிடைக்கிறது. அனுப்ப வேண்டாம்.

ஃபெமினா

*

கவுஞ்சி ரோடு
6.11.2025

அன்பு மகளுக்கு,

அம்மா நலம். நான் பேசுகிறேன். இங்கே சிக்னல் போதாது என்பதால் வட்டக்கானலில் நம் ஊர் வீரம்மாள் வேலை பார்க்கும் விடுதியிலிருந்து பேசுவது என்று ஏற்பாடு. நேற்று சோதனைக்காக உங்கள் இயக்குநர் அங்கே என்னைக் கூப்பிட்டார். நீ இல்லை. டூரிஸ்டுகளை ஏற்றி இறக்கிக் கற்றுக்கொண்ட இங்கிலீஷில் சமாளித்தேன். நல்ல மனுஷர் போலத்தான் சிரிக்கிறார். உன்னைப் பற்றி நிறையப் பெருமையாகச் சொன்னார்.

உடம்பைப் பார்த்துக்கொள். ஒழுங்காகச் சாப்பிடு.

அப்பா

*

பிரஸ்ஸல்ஸ்
27.11.2025

அன்புள்ள அப்பா,

நலமா? குளிர் ஆரம்பித்துவிட்டது.

கூட்டத்தின் அறிக்கை வந்துவிட்டது. "இணைப்புக் கோளாறால் தந்தையின் சாட்சியம் தெளிவாகக் கேட்கவில்லை" என்று எழுதியிருக்கிறார்கள். புத்தகத்தின் மறுபதிப்பில் படத்தை எடுத்துவிட்டார்கள். வாசகங்கள் அப்படியே இருக்கின்றன. தீர்மானத்தில் அந்தப் பத்தியும் சேர்ந்துவிட்டது. வடக்கத்திப் பெண்ணின் மனு இன்னும் என் மேசையில்தான்.

எனக்கு ஒரு வருடம் நீட்டித்திருக்கிறார்கள்.

கடைசிக் கேள்விக்கு ஏன் அப்படிப் பதில் சொன்னீர்கள்? உங்களுக்கு நிஜமாகவே தெரியாதா அப்பா?

ஃபெமினா

*

கவுஞ்சி ரோடு
15.12.2025

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் நலம். அம்மா கிறிஸ்துமஸ் பலகாரத்துக்கு மாவு இடிக்கிறாள், முழங்கால் வலிக்கிறது என்று ஒவ்வொரு இடிக்கும் சொல்லிக்கொண்டு.

நீ கேட்டதற்குப் பதில் எழுத இத்தனை நாள் ஆகிவிட்டது. உன் திரையில் என் நெற்றியும் மூக்கும்தான் தெரிந்திருக்கும். அதனால் இந்தப் பக்கத்துக் கதையையும் கேள்.

நான் குமரகுருவையும் கூட்டிக்கொண்டு போனேன். "எனக்கு அங்க என்னலே சோலி? மறுபடி எவனாச்சும் போட்டோ புடிக்கவா?" என்று வழியெல்லாம் புலம்பினான். அவனைத் திரைக்கு வெளியே நாற்காலியில் உட்கார வைத்தேன். வீரம்மாள் எங்களுக்கு டீ கொடுத்துவிட்டு, "சட்டைப் பித்தானப் போடுங்கண்ணே, உலகமே பாக்குது" என்றாள்.

கை உடைந்ததா என்று கேட்டாய். ஆமாங்க என்றேன். படத்தில் இருப்பவர் உங்கள் ஊர்க்காரரா என்றாய். அங்கேதான் நீ சொன்ன இடத்தில் நான் நிறுத்தவில்லை. ஆமாங்க, ஆனா இடிச்சது நான் என்று ஆரம்பித்து, வரலாம் வரலாம், மேளம், கேரட் மூட்டை, சேறு, எல்லாவற்றையும் சொன்னேன். அந்தச் சேற்றுக் கதைக்குச் சிரிக்காதவர்களை நான் பார்த்ததில்லை. அழகாக ஒரு இடைவெளி விட்டுக் காத்திருந்தேன். நீ இங்கிலீஷில் கொஞ்சமாக என்னவோ சொன்னாய். யாரும் சிரிக்கவில்லை. ஒரு பெரியவர் நெஞ்சில் கை வைத்தார். இன்னொருவர் சிலுவை அடையாளம் போட்டார். ஒருவன் சேற்றில் வழுக்கி விழுந்ததற்கு எவனாவது சிலுவை போடுவானா? நான் சொன்னது உன்னைத் தாண்டிப் போகவில்லை என்று அப்போது தெரிந்தது.

எழுந்து நின்றேன். நின்றதும் திரையில் என் வயிறுதான் தெரிந்திருக்கும், மன்னித்துக்கொள்.

"சார். ஐ டிரைவர். மீ. ரிவர்ஸ். டமார். நோ ஃபைட். மை மிஸ்டேக். திஸ் மேன் ஃப்ரெண்டு."

சுவரில் இரண்டு தட்டுத் தட்டி, வண்டி பின்னால் போவதை உடம்பாலேயே நடித்துக் காட்டினேன். குமரகுருவைச் சட்டையைப் பிடித்து இழுத்துக் காட்டினேன். அவனுக்கு இப்போது முடி வளர்ந்துவிட்டது, யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. அவன் இரண்டு கையாலும் தலையை மூடி மொட்டை மாதிரி காட்டி, "குட் ஈவினிங்" என்றான். அப்போது அங்கே காலை பத்து மணி.

உங்கள் இயக்குநர் சத்தம் சரியில்லை, சத்தம் சரியில்லை என்று காதைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். அந்த நேரத்தில்தான் நீலத் துண்டு போட்ட அம்மாள் எழுந்து, புத்தகத்தைத் தூக்கிக் காட்டி ஒரு கேள்வி கேட்டார். நீ சின்னக் குரலில், "இத எழுதுனது யாருன்னு உங்களுக்குத் தெரியுமான்னு கேக்குறாங்கப்பா" என்றாய்.

எனக்குத் தெரியும் ஃபெமி. பதின்மூன்று நாளுக்கு முன்னாலேயே சோதனைக்குக் கூப்பிட்டபோது உங்கள் இயக்குநர் அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "எவ்ரி வேர்டு, யுவர் ஃபெமினா" என்று சொன்னார். நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்திருக்கிறார். நான் தேங்க்யூ என்றேன். அந்த நன்றி இன்னும் வாயில் கசந்துகொண்டிருக்கிறது.

"தெரியாதுங்க. எனக்கு இங்கிலீஷ் வராது" என்று சொன்னேன். அதுவரை இங்கிலீஷில் கத்திக்கொண்டிருந்தவன் இப்படிச் சொன்னதை நீ மொழிபெயர்த்ததும் அந்த அறையே சிரித்தது. ஆக, என் பேச்சில் முழுசாகப் போய்ச் சேர்ந்தது நான் சொன்ன பொய் ஒன்றுதான். பொய்ச் சாட்சியை நிறுத்தப் போய் நானும் ஒரு பொய்ச் சாட்சி சொன்னேன். பூசைக்கு முன்னால் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போக வரிசையில் நின்றுவிட்டு, என் முறை வருவதற்குள் திரும்பி வந்துவிட்டேன்.

நீ அழுதுகொண்டே எழுதினாயோ, அழாமல் எழுதினாயோ, எனக்குத் தெரியாது. வேலை போய்விடும் என்ற பயம் எனக்குப் புரியாதது இல்லை. உன்மேல் கோபம் இல்லை என்று எழுதலாம், இன்னொரு பொய் ஆகிவிடும். ஒப்பந்தம் நீண்டதற்கு வாழ்த்து எழுத இரண்டு தடவை பேனாவை எடுத்தேன், வரவில்லை. வா என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. அந்த வடக்கத்திப் பெண்ணின் மனுவை மட்டும் மேசையிலிருந்து எடுத்து யாரையாவது படிக்க வை. நம் பொய்யின் அடியில் அது நசுங்கிக் கிடக்கிறது.

இங்கே பிளெக்ஸ் காற்றில் கிழிந்துவிட்டது. ராஜமுருகன் புதிதாக வைப்பதாகச் சொல்லியிருக்கிறான். ஞாயிறுகளில் பூசை முடிந்ததும் நானும் பிச்சையம்மாளும் போய் டீக்கடையில் நடுவில் உட்கார்ந்துகொள்கிறோம். போன வாரம் நான்கு பேர் வந்தார்கள். அமல் வரவில்லை.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ. கிறிஸ்துமஸ் பூசைக்குப் போனால் அம்மா பெயரில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்று.

உன் அப்பா,
அலெக்சாண்டர்

கடிதத்தை மடித்துவிட்டேன், மனசு கேட்கவில்லை. இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். அன்றைக்கு வட்டக்கானலிலிருந்து திரும்பும்போது குமரகுரு என் பக்கத்து சீட்டில் வந்தான். மோயர் பாயிண்ட் தாண்டியதும் சொன்னான்:

"எழுதுனவன விடுலே. அவனப் பெத்த அப்பன் ஒருத்தன் இருப்பான்ல? அவன ஒரு தடவ நேர்ல பாக்கணும்லே. பிள்ளைக்கு என்னத்தச் சொல்லி வளத்தான்னு ஒரு வார்த்த கேக்கணும்."

வளைவு வந்தது. கியரை மாற்றினேன். அந்த அப்பன் உன் பக்கத்தில்தான் உட்கார்ந்து வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறான், கேட்டுக்கொள் என்று நான் குமரகுருவிடம் சொல்லவில்லை.